5,000 ரூபாயில் கடலுக்கு ஒரு ரீல்: வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில். அனுப்பினவருக்கு 23 வயசு. வத்தலக்குண்டு பக்கம், எங்க சேவுகம்பட்டியில இருந்து கூப்பிடு தூரம். மில்லுல கான்ட்ராக்ட் வேலை. அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, கடல்ல தூண்டில் போடணும்னு 5,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கேன். யூடியூப்ல எல்லாரும் 14,000 ரூபாய் ரீலைக் காட்டுறாங்க. மிச்சத்தை இஎம்ஐ போட்டு அதையே வாங்கிடவா? இல்லன்னா ஆன்லைன்ல 1,200 ரூபாய்க்கு ஒண்ணு இருக்கு, பதினாலு பேரிங்காம். அதை வாங்கி ஓட்டிக்கவா?"

ரெண்டும் வேண்டாம் தம்பி. ஏன் வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் இந்த அரை மணி நேரம்.

சேவுகம்பட்டி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: திண்டுக்கல் மாவட்டம், பட்டிவீரன்பட்டி பக்கத்துல. தை மாசம் பெருமாள் கோவில்ல வாழைப்பழம் சூறை விடுற ஊர்னு சொன்னா சில பேருக்குத் தெரியும். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்களுக்கு மீன்பிடின்னா கண்மாய், தோட்டத்துக் கிணறு, மருதாநதி, கொஞ்சம் தள்ளிப் போனா வைகை அணை. கிடைக்கிறது ஜிலேபி, கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தா விரால். ஒரு மூங்கில் குச்சி, நரம்பு, முள்ளு, தக்கை, மண்புழு. மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. அங்க ரீலே தேவையில்லை.

கடல்னா கதை வேற. எங்க ஊர்ல இருந்து மதுரை போய், மதுரையில இருந்து ராமேஸ்வரம் இன்னும் 170 கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு தூரம் போய் நிக்கிறவன் கையில இருக்கிற ரீல், முதல் பாரை இழுக்கும்போது மக்கர் பண்ணக்கூடாது. அடுத்த மாசம் பையைத் திறக்கும்போது சுத்த முடியாம இறுகிப் போயிருக்கவும் கூடாது. ரெண்டாவதுதான் அதிகமா நடக்குது.

என் சித்தப்பா பையன் கதையைச் சொல்றேன். பிராண்ட் பேர் வேண்டாம். ஒரு மலிவு ரீல் வாங்கினான், பளபளன்னு தங்கக் கலர். தூத்துக்குடி பக்கம் மூணு ட்ரிப். மூணாவது ட்ரிப் முடிஞ்சு வந்து அலமாரியில வச்சான். அடுத்த மாசம் எடுத்தா ஹேண்டில் அசையலை. பிரிச்சுப் பார்த்தோம். உள்ள வெள்ளையா மாவு மாதிரி கொட்டுச்சு. பேரிங் துருப்பிடிச்சு அச்சோட ஒட்டிக்கிச்சு. "நம்ம ஊர் காஞ்ச ஊருதானடா, இங்க எப்படித் துருப்பிடிக்கும்?"னு கேட்டான்.

நல்ல கேள்வி. இதுக்கான பதில் புரிஞ்சா பாதி ரீல் தேர்வு முடிஞ்சது.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கு. தண்ணி காயும், உப்பு காயாது. ரீலுக்குள்ள போன திவலை காஞ்சதும் உப்பு மட்டும் படிஞ்சு நிக்குது. அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசிஞ்சு போகுதே, அதேதான். அதனால நீங்க ரீலைக் கடல்ல இருந்து 200 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்தாலும், ஒரு குட்டிக் கடலை உள்ள வச்சுத்தான் கொண்டுவர்றீங்க.

அலுமினியம், எவர்சில்வர் ரெண்டும் துருப்பிடிக்காததுன்னு நினைக்கிறோம். உண்மையில ரெண்டுக்கும் மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கு, அதுதான் காப்பாத்துது. உப்புல இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்க குத்தி ஓட்டை போடும். ஓட்டை விழுந்த இடத்துல அரிப்பு கீழ்நோக்கிக் குடைஞ்சுக்கிட்டே போகும். இதைவிட மோசம், ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நடுவுல உப்புத்தண்ணி இருந்தா அது ஒரு பேட்டரி ஆயிடும். ஸ்டீல் பேரிங், அலுமினிய பாடி, நடுவுல உப்பு. ரெண்டுல அலுமினியம்தான் முதல்ல கரையும். சித்தப்பா பையன் ரீல்ல கொட்டின வெள்ளை மாவு அதுதான்.

இது ரீல் விஷயம் மட்டும் இல்லை. பாம்பன் ரயில் பாலத்தை எடுத்துக்கோங்க. 1914-ல திறந்தது. கடைசியில 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க, காரணம் நடுவுல தூக்குற பகுதியில அரிப்பு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல எவர்சில்வர் கம்பி, தனிப் பூச்சுன்னு அரிப்புக்காகவே எவ்வளவு பார்த்திருக்காங்கன்னு படிச்சுப் பாருங்க. காரைக்குடியில சிக்ரின்னு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு இல்லையா, அவங்க மண்டபத்துல உலோகத் தகடுகளைக் கடல் காத்துல வச்சுத் துருவை ஆராய்ச்சி பண்ணவே ஒரு மையம் வச்சிருந்தாங்க. ரயில்வேயே திணறின இடத்துலதான் நீங்க 1,200 ரூபாய் ரீலோட நிக்கப் போறீங்க.

சரி, கடைக்கு வருவோம். பெட்டி மேல இருக்கிற நம்பர்களை ஒவ்வொண்ணா பார்ப்போம். நான் பேசுறது ஸ்பின்னிங் ரீல் பத்தி மட்டும். ராடுக்குக் கீழ தொங்கும், கம்பி மாதிரி ஒரு பெயில் இருக்கும், அதைத் திறந்து எறியணும். பெயிட்காஸ்டர்னு இன்னொரு வகை இருக்கு, கத்துக்கிற வரைக்கும் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கும். முதல் ரீலா அது வேண்டவே வேண்டாம்.

பேரிங் எண்ணிக்கை. இதுதான் பெரிய ஏமாத்து. மெகாபிக்சலைப் பார்த்து போன் வாங்கின காலம் ஞாபகம் இருக்கா? அதே கதை. பதினாலு மட்டமான பேரிங்னா, கடல்ல துருப்பிடிக்கிறதுக்குப் பதினாலு இடம். நல்ல ரீல் நாலு பேரிங்ல வெண்ணெய் மாதிரி சுத்தும். எனக்கு முக்கியமா ஒரே ஒரு பேரிங்: லைன் ரோலர்ல இருக்கிறது. பெயில் ஓரத்துல குட்டியா ஒரு உருளை இருக்கும், நரம்பு அது மேல ஏறித்தான் ஸ்பூலுக்குப் போகும். ஈர நரம்பு கொண்டுவர்ற உப்பு மொத்தமும் முதல்ல அங்கதான் சேரும். அது இறுகினா நரம்பு அதே இடத்துல உரசி உரசி நைஞ்சு போகும். பெரிய மீன் மாட்டும்போது அங்கதான் அறுபடும். கடையில விரலால அதைத் தனியா சுத்திப் பாருங்க.

டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு அறுபடாம, ஸ்பூல் கொஞ்சம் கொஞ்சமா நழுவிக் கொடுக்கிற பிரேக். பைக் கிளட்ச் பிளேட் மாதிரி உள்ள வாஷர்கள் அடுக்கடுக்கா இருக்கும். பெட்டியில "20 கிலோ டிராக்"னு போட்டிருப்பான். நம்பாதீங்கன்னு சொல்லல, அது நமக்குத் தேவையில்லைன்னு சொல்றேன். கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்க போடப்போறது 30 பவுண்ட் பிரெய்ட். அதாவது 13.6 கிலோவுல அறுபடும். பொதுவா டிராக்கை நரம்போட பலத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வைப்பாங்க. அப்படின்னா மூன்றரையில இருந்து நாலரை கிலோ. அந்த நாலு கிலோவுல டிராக் வழவழன்னு நழுவுதா, திக்கித் திக்கி நழுவுதான்னுதான் கேள்வி. திக்கினா ஒவ்வொரு திக்குக்கும் ஒரு ஜெர்க், ஏதோ ஒரு ஜெர்க்ல முடிச்சு போயிடும்.

இதை வீட்டுலயே சோதிக்கலாம். 5 லிட்டர் கேன்ல மூன்றரை லிட்டர் தண்ணி ஊத்துங்க, ஒரு லிட்டர் ஒரு கிலோ. ரீலை ராடோட அடிப்பகுதியில மாட்டி, நரம்பை நேரா ரீல்ல இருந்து இறக்கி கேன்ல கட்டி, மாடிப்படியில நின்னு தொங்க விடுங்க. கீழ யாரும் இல்லாம பார்த்துக்கோங்க. டிராக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. கேன் லிஃப்ட் மாதிரி சீரா இறங்குச்சுன்னா நல்ல டிராக். நின்னு நின்னு குதிச்சா, வாங்கின இடத்துல திருப்பிக் கொடுக்கிற தேதி முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க. வாஷர் கார்பன் ஃபைபரா ஃபெல்ட்டான்னும் பார்க்கலாம். கார்பன் சூடு தாங்கும். கிரீஸ் தடவின நல்ல ஃபெல்ட்டும் கரையில நின்னு பிடிக்கிற மீனுக்குப் போதும்.

கியர் ரேஷியோ. 5.2:1 ன்னா ஹேண்டில் ஒரு சுத்து, ரோட்டர் 5.2 சுத்து. அதிகமா இருந்தா வேகம், குறைவா இருந்தா பலம். விலை உயர்ந்த ரீல்ல 6-க்கு மேல போனாலும் கியர் தாங்கும். மலிவு ரீல்ல கியர் பெரும்பாலும் வார்ப்புத் துத்தநாகம், மெத்துன்னு இருக்கும். அதனால நம்ம பட்ஜெட்ல 5-ஐ ஒட்டி வாங்குறது நல்லது.

சைஸ். 2500, 3000, 4000, 5000ன்னு போகும். இது சட்டை சைஸ் மாதிரி, ஒரு கம்பெனி எல் இன்னொரு கம்பெனி எக்ஸ்எல். டைவா 4000-மும் ஷிமானோ 4000-மும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ஸ்பூல்ல எத்தனை மில்லிமீட்டர் நரம்பு எத்தனை மீட்டர் பிடிக்கும்னு எழுதியிருக்கும், அதைப் பாருங்க. பிரெய்ட் பெட்டியில பிஇ 1, பிஇ 2ன்னு இருக்கிறது ஜப்பான்காரங்க தடிமன் கணக்கு. பிஇ 1ன்னா 0.165 மில்லிமீட்டர், பிஇ 2ன்னா 0.235. நமக்கு பிஇ 2 பக்கத்துல 200 மீட்டர் பிடிச்சா தாராளம். கரையில நின்னு ஊளி, பாரை, கட்டா பிடிக்க 4000 சைஸ் சரியா இருக்கும்.

ஊளின்னதும் ஒரு சின்ன விஷயம். சென்னைக்காரங்க சீலான்னு சொல்றது ஊளியை. தெற்க போனீங்கன்னா நிறைய இடத்துல சீலான்னா அவங்க வஞ்சிரத்தைச் சொல்றாங்க. வாட்ஸ்அப் குரூப்ல "நேத்து அஞ்சு கிலோ சீலா"ன்னு யாராவது போட்டா, எந்த ஊர்க்காரர்னு கேட்டுட்டு அப்புறம் வயிறு எரியுங்க.

இப்போ எனக்கும் நிறைய ஆட்களுக்கும் ஒத்துப்போகாத இடம். பாடி மெட்டலா, பிளாஸ்டிக்கா?

"கடலுக்கு மெட்டல் பாடிதான்"னு எல்லாரும் சொல்வாங்க. பென் பேட்டில், டைவா பிஜி மாதிரி ரீல்களுக்கு அது சரி. பென் 1932-ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆரம்பிச்ச கம்பெனி, கடல் ரீலுக்குன்னே பேர் வாங்கினது. அவங்க அலுமினியத்துக்கு ஒழுங்கா பூச்சு போடுவாங்க, டிராக் வாஷர் கார்பன் ஃபைபர். அதோட மேல் வரிசையான ஸ்பின்ஃபிஷர் VI-க்கு ஐபிஎக்ஸ்5 ரேட்டிங்கே இருக்கு. உங்க போன்ல பார்க்கிற அதே ரேட்டிங். ஆனா ஐபிஎக்ஸ்5 ன்னா தண்ணி பீய்ச்சினா தாங்கும்னு அர்த்தம், முக்கினா தாங்கும்னு இல்லை. இதையெல்லாம் தாண்டி ஷிமானோ ஸ்டெல்லா, டைவா சால்டிகான்னு இருக்கு. அது நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் விலை. அதைப் பத்தி நாம பேசப்போறதில்லை.

ஆனா 3,000 ரூபாய்க்குள்ள "ஃபுல் மெட்டல்"னு ஒருத்தன் வித்தா, அவன் எங்க காசை மிச்சம் பிடிச்சான்னு யோசிங்க. பூச்சுலயும் உலோகக் கலவையிலயும்தான். பெயிண்ட் ஒரு இடத்துல உரிஞ்சாப் போதும், அரிப்பு அங்க இருந்து உள்ள போயிடும். அதுக்குப் பதிலா கிராஃபைட் பாடி வாங்குங்கன்னு சொல்றேன். பேர்தான் கிராஃபைட், உண்மையில கார்பன் நார் கலந்த பிளாஸ்டிக். அது துருப்பிடிக்கவே பிடிக்காது. அதோட குறை என்னன்னா, பெரிய லோடு வந்தா லேசா வளையும், வளைஞ்சா கியர் ஒண்ணுக்கொண்ணு சரியா பொருந்தாது. அஞ்சாறு கிலோ டிராக் போட்டு படகுல இருந்து ஆழ்கடல் மீனை இழுத்தா அது பிரச்சினை. கரையில நின்னு ரெண்டு மூணு கிலோ மீனுக்கு அது பிரச்சினையே இல்லை. ஸ்பூல் மட்டும் அலுமினியமா இருக்கட்டும். பிரெய்ட் இறுக்கத்துல மட்டமான பிளாஸ்டிக் ஸ்பூல் விரிசல் விடலாம்.

இந்த இடத்துல ஷிமானோ எஃப்எக்ஸ், சியன்னா மாதிரி ஆரம்ப வரிசைதான் வருது. ஒகுமா, டைவாவுலயும் இதே தட்டுல இருக்கு. கியர் சைக்கிள் வச்சிருக்கிறவங்களுக்கு ஷிமானோ பேர் பழக்கம்தான். 1921-ல ஜப்பான்ல சாகாய் ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனி, சைக்கிள் பாகம் பண்ணிட்டு 1970-லதான் ரீலுக்கு வந்தாங்க. பல் சக்கரம் செய்யத் தெரிஞ்ச ஆளுங்க, அதனால கீழ்த்தட்டு ரீல்லயும் கியர் ஓரளவு ஒழுங்கா இருக்கும். இதெல்லாம் கடலுக்குன்னே செஞ்ச ரீல் கிடையாது, அதையும் சொல்லிடறேன். ஆனா ஒழுங்கா துடைச்சு வச்சா தாக்குப் பிடிக்கும். பேர் போன பிராண்ட்னா போலியும் வரும். பாதி விலைக்கு யாராவது கொடுத்தா பெட்டியில எம்ஆர்பி ஸ்டிக்கர், இறக்குமதி பண்ணவர் முகவரி, பில் மூணும் பாருங்க.

ஹேண்டிலைப் பத்தி ஒரு வரி. ரீலுக்குள்ள நேரா திருகு போட்டு இறங்குற ஹேண்டில், மடக்குற ஹேண்டிலைவிட ஆட்டம் குறைவு. ரெண்டு ரீல்ல எதுன்னு குழம்பினா இதை வச்சு முடிவு பண்ணலாம்.

ஆன்டி ரிவர்ஸ் சொல்ல மறந்தா தப்பு. ஹேண்டில் பின்பக்கமா சுத்தாம தடுக்கிறது. உள்ள ஒரு வழியில மட்டும் உருளுற ரோலர்கள் இருக்கு. கடையில ஹேண்டிலை வெடுக்குன்னு பின்னால தள்ளிப் பாருங்க, பத்து தடவை. ஒரு தடவை நழுவினாலும் அந்தப் பீஸை வாங்காதீங்க. மீன் ஓடும்போது அது நழுவினா ஹேண்டில் பின்னால சுத்தி விரல் முட்டியில அடிக்கும், வலி உயிர் போகும்.

இப்போ தம்பிக்கு வர்றேன். "ராட் இருக்கா?"ன்னு திருப்பிக் கேட்டேன். இல்லையாம். அந்த 5,000தான் மொத்தமும். அப்போ 14,000 ரூபாய் ரீல் பேச்சே இல்லை. கான்ட்ராக்ட் வேலையில ஒரு மாசம் ஷிஃப்ட் குறைஞ்சாலும் இஎம்ஐ தேதி குறையாது. நான் நல்ல சம்பளத்துல இருக்கேன், நானே பொழுதுபோக்குச் சாமானுக்கு இஎம்ஐ போடுறதில்லை. இது என் கட்சி, நீங்க சண்டைக்கு வரலாம்.

என் கணக்கு இது. ரீலுக்கு 2,400 வரைக்கும். ராட் 1,300, எட்டு இல்ல ஒன்பது அடி, ரெண்டு துண்டா பிரியறது, பஸ்ல கொண்டுபோகணுமே. பிரெய்ட் 700. மீதி 600-ல லீடர் நரம்பு, ஸ்விவல், ரெண்டு மூணு ஜிக், ஒரு மூக்குக் குறடு. எல்லாக் காசையும் ரீல்ல போட்டுட்டு அறுபது ரூபாய் நரம்பு சுத்தினா, மீன் நரம்பைத்தான் அறுக்கும். ஊளிக்கு வாயெல்லாம் பிளேடு. லீடர் இல்லாம பிரெய்ட்டை நேரா கட்டினா ஜிக் அதோட போச்சு.

பிரெய்ட் சுத்தும்போது ஸ்பூல்ல நேரா சுத்தாதீங்க. வழுக்கி மொத்தமா சுத்தும், டிராக் நழுவுதுன்னு நினைச்சுட்டு ரீலைத் திட்டுவீங்க. அடியில கொஞ்சம் சாதா நரம்பு சுத்திட்டு, அது மேல பிரெய்ட். ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழ நிறுத்திடுங்க. பிரெய்ட்டைக் கையில சுத்திக்கிட்டு இழுக்கவே கூடாது, விரலை அறுத்துடும். பாறையில மாட்டினா ஒரு குச்சியில சுத்தி இழுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? தாராளமா. இந்தக் காசுக்கு அதுதான் மேல் தட்டு ரீல் கிடைக்கிற ஒரே வழி. கிடைக்கும்போது வாங்குறது, அவசரத்துக்கு ஆகாது. நேர்ல பார்த்து வாங்குங்க. ஸ்பூலைக் கழட்டச் சொல்லுங்க. நடு அச்சுல, ஸ்பூல் அடியில வெள்ளை மாவோ பச்சைப் படிவோ இருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஹேண்டிலைக் காதுகிட்ட வச்சு மெதுவா சுத்துங்க. மணல் அரைக்கிற சத்தம் வந்தா பேரிங்கோ கியரோ போயிருக்கு. லைன் ரோலர் பேரிங் மட்டும் போயிருந்தா பயப்பட வேண்டாம், அளவு தெரிஞ்சா தனியா வாங்கி மாத்திக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறைங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். பாம்பன்லயும் மண்டபத்துலயும் தூண்டில் போடுற மீனவங்களைப் பாருங்க. நிறைய பேர் கையில ரீலே இருக்காது. கட்டையில சுத்தின நரம்பு, ஈயம், முள்ளு. விரல்தான் அவங்களுக்கு டிராக். நம்மளைவிட அதிகமாவும் பிடிப்பாங்க. அடியில இரை போட்டுக் காத்திருக்கிறதுதான் உங்க ஆசைன்னா, சில நூறு ரூபாய்ல கைத்தூண்டில் வாங்கி ஒரு வருஷம் பழகிட்டு அப்புறம் ரீல் வாங்கலாம். ரீல் எங்க வேணும்னா, தூரமா எறிஞ்சு வேகமா இழுக்கணும்னா மட்டும்தான். அதாவது ஜிக், லூர் போடுறதுக்கு.

அவங்ககிட்ட பேசுங்க. எந்த மாசம் எந்தப் பக்கம் நிக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க மன்னார் வளைகுடாவைத் தென்கடல்னும் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல்னும் சொல்வாங்க. ஆடிக் காத்துல தென்கடல் கொந்தளிக்கும், வாடை அடிக்கும்போது வடகடல். காத்து தப்பான மாசத்துல பாறை மேல ஏறி நிக்கிற தைரியம் ரீல் விலையைப் பொறுத்து வர்றதில்லை, ஆனா வழுக்கினா எல்லாருக்கும் ஒரே தண்ணிதான். அப்புறம் அங்க இருக்கிற 21 தீவும் 1986-ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா. யாராவது "போட்ல தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க மீன் நிறைய"ன்னு சொன்னா போகாதீங்க. வனத்துறை கேஸ் வரும், ரீலும் போகும். கடல் அட்டை கண்ணுல பட்டா தொடக்கூடாது, அது வனவிலங்குச் சட்டத்துல வருது.

கடைசியா கழுவுறது. நம்ம மாதிரி உள்ளூர்க்காரங்களுக்கு இதுல ஒரு தனிச் சிக்கல் இருக்கு. கடலோரத்துல வீடு இருக்கிறவன் பத்து நிமிஷத்துல கழுவிடுவான். நாம ரீலைப் பையில போட்டு, ராமேஸ்வரத்துல பஸ் ஏறி, மதுரையில மாறி, வத்தலக்குண்டுல மாறி, வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கி, மறுநாள் சாயங்காலம்தான் நினைப்பு வரும். ஒரு நாள் முழுக்க உப்போட மூடின பைக்குள்ள. அதனால கரையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே, குடிக்கிற தண்ணி பாட்டில்ல ஒரு பழைய துணியை நனைச்சுப் பிழிஞ்சு, ரீலை முழுசா துடைச்சிடுங்க. லைன் ரோலர், பெயில் முட்டு, ஹேண்டில் குமிழ், மூணும் முக்கியம். பாலித்தீன் பையில கட்டாதீங்க, துணிப்பையில போடுங்க, காத்தாடட்டும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிட்டு, குழாயில மெல்லிசா தண்ணி விட்டு ஒரு நிமிஷம். பைக் கழுவுற பிரஷர் பம்ப் பக்கமே கொண்டுபோகாதீங்க, அது வெளிய இருக்கிற உப்பை உள்ள தள்ளிடும். பக்கெட்ல ஊறப்போடவும் கூடாது. நம்ம பக்கம் நிறைய வீட்டுல போர் தண்ணி, காஞ்சா வெள்ளையா படியும், அதனால கழுவினதும் துடைச்சிடணும். அப்புறம் டிராக்கை முழுசாத் தளர்த்தி நிழல்ல காய வைங்க. இறுக்கியே வச்சா வாஷர் அமுங்கிப் போய் அடுத்த தடவை திக்கும்.

எண்ணெய் லைன் ரோலருக்கு ஒரு சொட்டு, ஹேண்டில் குமிழுக்கு ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் போடாதீங்க. மார்கழியில உறையும், நாளாக நாளாகப் பிசினாகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனா கிரீஸைக் கரைச்சுடும், அதை நம்பி கியருக்குள்ள அடிக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு கியருக்குக் கடல் கிரீஸ் வைக்கணும். பிரிக்கும்போது ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போன்ல போட்டோ எடுங்க, கழட்டின வரிசையில திருகுகளைத் துண்டு மேல அடுக்குங்க. ஆன்டி ரிவர்ஸ் ரோலர்ல மட்டும் கெட்டி கிரீஸ் வைக்காதீங்க, வச்சா நழுவ ஆரம்பிச்சிடும்.

தம்பி, நீங்க ரீல் வாங்கினதும் தண்ணி கேன் டெஸ்ட் பண்ணி அந்த வீடியோவை அனுப்புங்க. திக்குதா வழுக்குதான்னு நான் பார்த்துச் சொல்றேன். மத்தவங்க உங்க ரீல் பேரு, வாங்கின வருஷம், எத்தனை கடல் ட்ரிப் தாங்குச்சுங்கிறதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதையெல்லாம் வச்சு எது எவ்வளவு நாள் ஓடுச்சுன்னு பார்ப்போம். முடிச்சுப் போடுறது பத்தி நாலு பேர் கேட்டிருக்கீங்க, பிரெய்ட்டையும் லீடரையும் சேர்க்கிற எஃப்ஜி முடிச்சு, அதுவும் அப்போதான். வர்றேன் மக்களே.